முப்பத்தைந்து ஆண்டு மௌனம்

வாஷ்டி பன்யன் என்ற பெயரை நம் சங்கத்து அன்பர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். 1945இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 1968இல் லண்டனை விட்டு, குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் கட்டிய பாட்டுகளே 1970இல் வெளியான 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' என்னும் இசைத்தட்டு. அது விற்கவில்லை. அம்மணி கிட்டாரை ஒதுக்கிவிட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 2000இல் அத்தட்டு மறுபதிப்பாக வந்தபோது புதிய தலைமுறை தேடிக் கேட்டது. அதன்பின்தான், 2005இல், இரண்டாம் தொகுப்பு.

(நாட்டார் பாடகி என்று தம்மைச் சொல்வதை அவர் ஏற்பதில்லை. முதல் தட்டில் பிடில் வாசித்தவர்கள் அந்த மரபினர்; பேர் ஒட்டிக்கொண்டது.)

இடைப்பட்ட காலத்தைத் 'தொலைந்த ஆண்டுகள்' என எழுதுவோர் உண்டு. நம்மவராயின் 'தாய்மையின் தியாகம்' என்று மாலை போடுவோம். இரண்டுமே பிழை என்பது என் துணிபு. தொகுப்பின் பெயரையே பாருங்கள்: 'லுக்காஃப்டரிங்'. ஆங்கில அகராதியில் இல்லாத, அவரே ஆக்கிய சொல். நம்ம பேச்சில் 'பாத்துக்கறது'. அந்த ஆண்டுகள்தாம் இத்தொகுப்பின் சரக்கு.

முதல் தட்டில் குதிரை, மின்மினி, குளம் என்று கண் வெளியே பார்க்கிறது; அழகுதான், ஆனால் குழந்தைப் பாட்டின் அளவு. இரண்டாவதில் குரல் அதே மெல்லிய இழை, பார்வை மட்டும் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. 'ஹியர் பிஃபோர்' பிள்ளைகளைப் பற்றியது, பரிவு ததும்பும். 'வேவர்ட்' அப்படியல்ல. இன்னொருவர் வெளியே போய் உலகை வெல்ல, தான் வீட்டோடு தங்கிப்போன ஒருத்தியின் மனக்குறை அது. கோபமாகக்கூடப் பாடவில்லை, அதனால்தான் தைக்கிறது. அந்தப் பாட்டு இல்லையென்றால் இத்தொகுப்பு வெறும் இனிமையாகப் போயிருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அதை முதல்முறை கேட்டப்ப எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கொள்முதல், வசூல் என்று நாற்பது வருஷம் ஊர் சுற்றியவன் நான். கல்யாணத்துக்கு முன்பு என் வீட்டம்மா நன்றாகப் பாடுவாராம்; அவர் தங்கை சொல்லித்தான் தெரியும்.

2014இல் 'ஹார்ட்லீப்' வந்தது. பெரும்பகுதியைப் பன்யன் தம் வீட்டிலேயே பதிவு செய்தார். இரு கையாலும் பியானோ வாசிக்க வராது. கணினியில் ஒவ்வொரு கையாகப் பதித்துச் சேர்த்தார். இதுவே தம் கடைசித் தொகுப்பு என்றும் சொல்லிவிட்டார். 'வேவர்ட்' பாட்டைப் போன வாரம் என் வீட்டம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வரிக்கு அர்த்தம் கேட்டார்; சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.