கரந்துவரல் எழினி: போட்டிக் காட்சிகளும் புதிய தொடர்நாடகங்களும்

முத்தமிழுள் நாடகத்திற்கெனத் தனி நூல்கள் பண்டு பல இருந்தன என்பதும், அவற்றுட் பெரும்பாலன மறைந்தொழிந்தன என்பதும் உரையாசிரியர் கூற்றால் அறியக் கிடக்கின்றன. மறைந்த நூல்களுக்காக இரங்கும் நாம், கண்முன் நிகழும் நாடகத்தை ஆராயாது விடுதல் முறையாகாது. இன்று தமிழ் மக்களுட் பெரும்பாலோர் நாள்தோறும் காணும் நாடகம் தொலைக்காட்சியிலேயே நிகழ்கின்றது. அதனைப் பழித்து ஒதுக்குவார் பலர். புகழ்ந்து பரப்புவாரும் பலர். நடுவுநிலையில் நின்று ஆராய்வார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக நின்று, போட்டிக் காட்சி, தொடர்நாடகம் என்னும் இருவகையையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாக அமைந்தது சேர்வராயன் மலையில் யாம் பெற்றதோர் அனுபவம். ஏரியும் காடும் சேர்ந்து பெயராய் அமைந்த ஏற்காட்டிற்கு அப்பால், மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் பல உள. அவற்றுள் ஒன்றில் வாய்மொழிப் பாடல்களைப் பதிவு செய்யும் பொருட்டுச் சில நாள் தங்கியிருந்தோம். பகலெல்லாம் காப்பித் தோட்டத்தில் உழைத்து மீளும் மக்கள், மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்தனர். பாடல் கேட்கச் சென்ற யாமும் அவர்களோடு அமர நேர்ந்தது. முதலில் தொடர்நாடகம் ஒன்றும், அதன்பின் போட்டிக் காட்சி ஒன்றும் நிகழ்ந்தன. நாடகத்தைக் கண்டு மனமுருகிக் கண்ணீர் விட்ட மூதாட்டியார் ஒருவர், போட்டியில் ஓரிளைஞர் தம் வறுமையைக் கூறி அழுதபோது முகந் திருப்பிக்கொண்டார். காரணம் வினவினோம். "நாடகக்காரரு பொய்யின்னு சொல்லிட்டுத்தான் ஆடறாரு, அதை நம்பி அழுவலாம். இது நெசம்ங்கறாங்க, அழுவறதுக்கே பயமா இருக்குது" என்றார். சிறிது பொறுத்து, "பரிசு பாட்டுக்கா, அழுகைக்கா?" என்றும் வினவினார்.

எழுத்தறியா அம்மையார் எழுப்பிய இவ்விரண்டும் திறனாய்வின் அடிப்படை வினாக்கள். மெய்யெனக் கூறப்படும் காட்சியில் மெய் யாது என்பது ஒன்று. போட்டியில் அளக்கப்படுவது யாது என்பது மற்றொன்று. இவற்றை முறையே ஆராய்வாம்.

1. அரங்கேற்று காதை தரும் அளவுகோல்

கலைத்திறனை அவையில் அளந்து பரிசளித்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அத்தகைய அளவையை விரிவாகக் காட்டுகின்றது. ஐந்தாம் ஆண்டிற் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்ற மாதவி, பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் அவையில் ஆடுகின்றாள். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என வரையறை கூறப்படுகின்றது. தூண்களின் நிழல் அரங்கில் விழாவண்ணம் விளக்குகள் அமைக்கப்படுகின்றன. ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் தகுதிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. யாவர் கற்பித்தனர், யாவர் முன் ஆடினாள், எதற்காகப் பரிசு பெற்றாள் என்பனவெல்லாம் வெளிப்படை. ஆங்கு அளக்கப்பட்டது கல்வி.

ஆயினும் பண்டையது அனைத்தும் தூயதென்று கோடல் பொருந்தாது. தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன் மதிப்புடைய மாலையும் பெற்ற மாதவியின் மாலை, அடுத்த நிலையிலேயே நகர மறுகில் விலை கூறப்படுகின்றது. அதனை வாங்கியவன் கோவலன். அவ்விலையே காப்பியத்தின் துயரத்திற்குத் தொடக்கம். பரிசு பெற்றவர் அன்றே சந்தைக்கும் உரியவராகிவிடுகின்றனர் என்னும் உண்மையை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. இன்றைய போட்டிகளில் வென்றோரும் தோற்றோரும் விளம்பரங்களுக்கும் விழா மேடைகளுக்கும் விலை பேசப்படுதலைக் காண்பார்க்கு இப்பகுதி புதுப்பொருள் தருதல் திண்ணம்.

அரங்கேற்று காதை மூவகை எழினிகளையும் கூறும். ஒருபுறமிருந்து வருவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து கூடுவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. மூன்றாவதன் பெயரை மட்டும் ஈண்டு உவமையாக எடுத்துக்கொள்கின்றோம். அதன் பொருத்தம் பின்னர் விளங்கும்.

2. மெய்யென்னும் பெயரும் மறைந்து நிற்கும் ஆசிரியனும்

நெதர்லாந்து நாட்டில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய 'பிக் பிரதர்' என்னும் காட்சியே 'பிக் பாஸ்' என்பதற்கு மூலம். அப்பெயர், ஜார்ஜ் ஆர்வெல் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினத்தில் மக்களை இடையறாது கண்காணிக்கும் ஆட்சியைக் குறிப்பது. அச்சுறுத்தும் உருவமாகப் புதின ஆசிரியர் படைத்த ஒன்று, அரை நூற்றாண்டு கழித்துப் பொழுதுபோக்கின் பெயராயிற்று. இந்தி மொழியில் 2006ஆம் ஆண்டிலும், தமிழில் விஜய் தொலைக்காட்சியில் 2017 சூன் 25ஆம் நாளிலும் இது தொடங்கிற்று. முதல் ஏழு பருவங்களைக் கமல்ஹாசன் நடத்தினார். எட்டாம் பருவமுதல், அஃதாவது 2024முதல், விஜய் சேதுபதி நடத்தினார்.

ஒரு வீட்டினுள் அடைபட்ட மாந்தரை இரவும் பகலும் பல படக்கருவிகள் பதிவு செய்கின்றன. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் வருவது மிகச் சிறு பகுதியே. எஞ்சியதை நீக்கியவர் யாவர்? காலையிற் கூறிய சொல்லையும் மாலையில் தோன்றிய முகக்குறிப்பையும் அடுத்தடுத்து இணைத்தவர் யாவர்? ஒரு நிகழ்ச்சியின்மேல் துயர இசையைப் பெய்தவர் யாவர்? அவரே இந்நாடகத்தின் ஆசிரியர். அவர் பெயரைப் பார்ப்போர் அறியார். அறிய வேண்டுமென்று நினைப்பதுமில்லை. வீட்டினுள் ஒலிக்கும் உருவமற்ற குரலும் இம்மறைவிற்குத் துணைசெய்கின்றது. நம் கூத்துக்களில் வரும் அசரீரி ஊழைக் கூறும். இவ்வசரீரியோ ஊழை வகுத்தும் கொடுக்கின்றது.

2022ஆம் ஆண்டில் இணையவழி வந்த 'பிக் பாஸ் அல்டிமேட்' 24 மணி நேரமும் காட்டப்பட்டதே, ஆங்கு மறைப்பு ஏது எனச் சிலர் வினவலாம். எந்தக் கருவியின் காட்சி எப்பொழுது வரவேண்டும் என்னும் தெரிவு ஆங்கும் உண்டு. மேலும், இருவர் மோதுதற்கு ஏற்ற பணியை அமைத்துக் கொடுத்தபின் மோதலைப் பதிவு செய்தல், கரையை உடைத்துவிட்டு வெள்ளத்தைப் படம் பிடித்தல் போலும். படம் மெய், வெள்ளம் இயற்கையன்று.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைக் கூறி, அவை கலந்தமைவதே புலனெறி வழக்கு என்றார். கலப்பு குற்றமன்று, அதுவே இலக்கியம். கலந்ததை உலகியல் மட்டுமே எனக் கூறி விற்பதுதான் குற்றம். மேலிருந்து மறைவாய் இறங்கும் எழினியைச் சுவரென்று காட்டுதல் போன்றது அது. மூதாட்டியார் கொண்ட அச்சத்தின் காரணம் இதுவே.

3. பெருமிதம் இருக்கவேண்டிய இடத்தில் அழுகை

இனி இரண்டாவது வினாவிற்கு வருவாம். 2006ஆம் ஆண்டு தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' போன்ற இசைப் போட்டிகள் 'பிக் பாஸ்' வகையினின்று வேறானவை. பாடும் திறன் செவிக்கு நேரே புலனாவது. நடுவர் முகமும் பெயரும் அறியப்பட்டவை. இசை மரபிற் பிறவாத இளைஞர் பலர்க்கு இப்போட்டிகள் வாயில் திறந்தன என்பதை மறுத்தல் நன்றியின்மையாகும். நாட்டுப்புறப் பாடகரான செந்தில் கணேஷ் 2018ஆம் ஆண்டில் இப்போட்டியின் ஆறாம் பருவத்தில் வென்றார். திரைப்பாட்டும் செவ்விசையுமே ஆண்ட மேடையில் வயல்வெளிப் பாட்டு முதலிடம் பெற்ற அந்நிகழ்ச்சி, பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் பல சேர்ந்தும் செய்யாத தொண்டு என்றே கூறுவோம்.

எனினும் இப்போட்டிகளின் அமைப்பில் ஒரு பிறழ்ச்சி உண்டு. அதனைக் காட்ட மெய்ப்பாட்டியலே போதும். எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதம் தோன்றும் நிலைக்களன் நான்கனுள் முதலாவது கல்வி. அழுகையின் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. திறன் காட்டும் அவைக்கு உரிய மெய்ப்பாடு கல்வியிற் பிறக்கும் பெருமிதமே. இன்றைய மேடையிலோ, பாட்டு முடிந்தவுடன் பாடியவரின் இல்லத்து வறுமையும் பெற்றோரை இழந்த துயரும் படமாகக் காட்டப்படுகின்றன. தாய் மேடைக்கு அழைக்கப்படுகின்றார். நடுவர் கண் துடைக்கின்றார். வறுமையும் இழவும் அழுகைக்கு வாயிலாவன; பாட்டிற்கு அளவுகோல் ஆகமாட்டா. கேட்போர் உள்ளத்தில் இரண்டும் கலந்தபின், வாக்கு எதற்கு அளிக்கப்பட்டது என்பதை அளித்தவராலும் பிரித்துரைக்க இயலாது.

இதனால் தீங்குறுவோர் இருவர். துயரக் கதை இல்லாத பாடகர் ஒருவர். துயரக் கதை உடைய பாடகர் மற்றொருவர். பின்னவர் வென்ற பின்னும், தம் பாட்டிற்கே வென்றோம் என்று உறுதியாக எண்ணும் பெருமிதத்தை இழக்கின்றார். இது சிறிய இழப்பன்று.

4. புதிய தொடர்நாடகங்கள்

தொடர்நாடகங்கள் குறையற்றன என்பது எம் கருத்தன்று. சன் தொலைக்காட்சியில் 2022முதல் 2024வரை வந்த 'எதிர்நீச்சல்' இதற்குச் சான்று. 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். கல்வி கற்ற பெண்கள் மருமகளிராய் வந்து ஒரு வீட்டின் அடுப்படியில் அடங்கிக் கிடப்பதும், எழ முயல்வதும் இதன் பொருள். பொருள் உயர்ந்தது, தமிழ் இல்லங்கள் பலவற்றின் உண்மையுங்கூட. ஆனால், எழுச்சி நாளை நாளை என்று தள்ளப்படுதலின் அடக்குமுறையே நாள்தோறும் காட்சியாகின்றது. அடக்குவோனாகிய ஆதி குணசேகரன் பாத்திரம் வெகுளிக்கு உரியதாயிருந்தும் நகைக்கு உரியதாகி, மக்கள் விரும்பிப் போலச் செய்யும் ஒன்றாயிற்று. கொடுமையை நகைச்சுவையாக்கி இனிக்கச் செய்தல் நாடகத்தின் வலிமையைக் காட்டும். அதன் பொருளுக்கு அது பகை.

எனினும் இந்நாடகத்தால் ஓருண்மை புலனாயிற்று. அப்பாத்திரத்தை நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தார். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். மறைந்த நடிகர்க்காக மக்கள் இரங்கினர். அவர் நடித்த கொடியோனை அவரோடு ஒன்றாக்கிப் பழித்திலர். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்னும் தெளிவு நம் மக்களிடம் உறுதியாக உண்டு. அத்தெளிவை அவர்கட்குத் தருவது, 'இது கதை' என்னும் வெளிப்படையான உடன்பாடே. போட்டிக் காட்சியில் அவ்வுடன்பாடு இல்லை. ஆங்குப் பொறாமையுடையார் எனத் தொகுத்துக் காட்டப்பட்டவர், வேடத்தைக் களைந்துவிட்டு வீடு செல்ல முடியாது. அவர் பெயரே வேடத்தின் பெயர். காட்சி முடிந்த பின்னும் தெருவில் அவரைத் தொடர்வது பிறர் தொகுத்த பாத்திரமே. இதனினும் வேண்டுவது வேறு சான்று இல்லை.

மற்றொரு சான்று 2022 சூன் திங்களில் இணையவழி வெளிவந்த 'சுழல்'. புஷ்கர், காயத்ரி ஆகியோர் எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டுப் பகுதிகள் கொண்ட நாடகம் இது. சாம்பலூர் என்னும் கற்பனை மலையூரில் தொழிற்சாலை எரிகின்றது; ஒரு பெண் காணாமற் போகின்றாள்; ஊரில் மயானக் கொள்ளை விழா நடைபெறுகின்றது. பாட்டிற்குப் பின்புலமாக மட்டுமே மலையைக் காட்டிப் பழகிய நம் திரைக்கலையில், மலையூரை உழைப்பும் பகையும் வழிபாடும் உடைய ஊராகக் காட்டியது போற்றத்தக்கது. 1935ஆம் ஆண்டில் தி. ரா. சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காட்டுச் சாலையிலேயே இருந்தும், மேலேயிருந்த மலைமக்கள் வாழ்வு தமிழ்த் திரையில் நிலைபெறவில்லை என்பதை எண்ணின் இதன் அருமை தெரியும். ஆயினும் வடதமிழகத்து ஊர்களில் அங்காளம்மனுக்கு நிகழும் வழிபாட்டை, அதன் மண்ணினின்று பெயர்த்து மலையூரில் நட்டமை அணிக்காகவே என்று தோன்றுகின்றது. அடுக்கடுக்காய் வரும் திருப்பங்களுட் சில இயல்பிற்கு மிக்கன.

ஆனால் ஒரு வகையில் 'சுழல்' போட்டிக் காட்சிக்கு நேர் எதிரானது. பார்ப்போர் ஒருவரைக் குற்றவாளி என முடிவு செய்தவுடன், அம்முடிவு பொய்யாகின்றது. மீண்டும் முடிவு செய்கின்றனர், மீண்டும் பொய்யாகின்றது. தீர்ப்பை ஒத்திவைக்கும் பொறுமையை நாடகம் கற்பிக்கின்றது. போட்டிக் காட்சியோ வாரந்தோறும் தீர்ப்பு வழங்குமாறு தூண்டுகின்றது. ஆராயும் பழக்கத்தை ஒன்று வளர்க்க, விரைந்து நீக்கும் பழக்கத்தை மற்றொன்று வளர்க்கின்றது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் போட்டிக் காட்சிகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது எம் கருத்தெனக் கொள்ளற்க. வேண்டுவன மூன்று. தொகுத்தோர் பெயரையும், பதிவு செய்த காலத்தையும் காட்டிய காலத்தையும் ஒவ்வொரு பகுதியிலும் அறிவித்தல்; திறன் போட்டிகளில் மதிப்பீடு முடிந்த பின்னரே பாடியவர் வாழ்க்கையைக் காட்டுதல்; மக்கள் வாக்கின் எண்ணிக்கையை முழுமையாக வெளியிடுதல். எழினி இருக்கலாம், அஃது எழினி என்பது தெரிந்திருத்தல் வேண்டும். தமிழ்த் துறைகளும் இக்காட்சிகளைத் தீண்டத்தகாதன என ஒதுக்காமல், மெய்ப்பாட்டியல் முதலிய நம் அளவுகோல்களால் ஆராய முன்வருதல் நலம்.

சேர்வராயன் மலையில் தங்கிய இறுதி நாளில், அம்மூதாட்டியாரைத் தமக்குத் தெரிந்த பாட்டொன்று பாடுமாறு வேண்டினோம். பதிவுக் கருவியை ஐயத்தோடு நோக்கி, "இதுக்கும் மார்க் போடுவீங்களா?" என்றார். இல்லை என்றோம். வேறு யாரேனும் வெட்டி ஒட்டுவரோ என்றும் கேட்டார். பாடியவாறே வைப்போம் என்று உறுதி கூறினோம். அதன்பின் நெடுநேரம் பாடினார். அவ்வுறுதியை யாம் காத்து வருகின்றோம்.