ஒற்றைப் பாட்டில் அடங்காத சண்டை

தமிழில் போராட்ட இசைத்தொகுப்பு என்பதே 2018-க்குப் பிறகு, சென்னை பேண்டுகள் வந்த பிறகுதான் பிறந்தது என்று இப்போது அடித்துச் சொல்கிறார்கள். கே. ஏ. குணசேகரனை மறந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். 'தன்னானே' கலைக்குழுவோடு அவர் ஊர் ஊராகப் பாடினார். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டு அவர் குரலில்தான் மேடைதோறும் பரவியது. 2016 ஜனவரியில் மறைந்த அந்த மாபெரும் பாடகருக்கு இன்றைய தனியிசைக் கட்டுரைகளில் ஓர் அடிக்குறிப்புகூடக் கிடைப்பது அரிது.

ஆங்கிலத்தில் என்றாலும், லண்டனில் ராப் பாடகி மாயா அருள்பிரகாசம், தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 2005-ல் 'அருளர்' தொகுப்பை வெளியிட்டதும் 2018-க்கு முந்திய கதைதான்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் வீரியத்தை நான் மறுக்கவில்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் திரட்டிய 19 பேர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். இசைவாணியின் குரல் ஒலித்த இடமெல்லாம் அந்தக் குழுவுக்குக் கூடுதல் உயிர். மறு ஆண்டே ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' தொகுப்பைத் தந்தார்கள். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்த ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு உண்டு. நேர்மையான, நெஞ்சைப் பிடிக்கும் பாட்டு.

ஆனால் அதற்குப் பின் நடந்தது என்ன? தொகுப்பு போய்த் தனிப்பாட்டும் வீடியோவும் வந்தன. நாலு நிமிஷத்தில் கோபம் ஏறும், இறங்கும். யார், யாரோடு, எதற்காக மோதினார்கள் என்ற கதைக்கு அங்கே இடமில்லை.

அந்த இடம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. பண்பொழி, செங்கோட்டை வட்டாரத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பாடுகிறவர்கள் ஒரே கதையை மணிக்கணக்கில் கொண்டுபோகிறார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டுகிறார். வில்லின் மணிகள் குலுங்குகின்றன. குடக்காரர் பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயில் அறையும்போது எழுகிற அடித்தொனி எந்த பேஸ் கிட்டாருக்கும் இளைத்ததல்ல. அண்ணாவி ஓரடி பாட, எதிர்ப்பக்கத்தார் வாங்கிப் பாட, நடுவே உடுக்கை நெருக்குகிறது. சண்டை வருகிற இடம்வரை தாளத்தைப் பிடித்து வைத்திருந்து, அங்கேதான் அவிழ்த்து விடுகிறார்கள்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணன் ஒருவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். பிற்பாடு அந்தப் பெண்களைப் பிறப்பால் பிராமணராக்கிக் கதையைத் திருத்தியதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை அம்பலப்படுத்தினார். சாதிச் சண்டையின் கூர்மையை மழுங்கடித்த அந்தக் கைவேலையே ஒரு தனிப் பாட்டுக்குப் பொருள்.

பறையையும் உடுக்கையையும் முன்னிசைக்கு மட்டும் தொட்டுக்கொள்வது பேண்டுகளின் சோம்பல். கேட்க வேண்டியது கதை கட்டுகிற வித்தையை. 2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரத்தில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து மக்கள் உட்கார்ந்ததிலிருந்து நூறாம் நாளான மே 22-ல் குண்டு பாய்ந்ததுவரை ஒரு முழுத் தொகுப்பு எழுதப்படாமல் கிடக்கிறது. தெற்கத்தி வில்லுக்காரர் ஒருவரை அண்ணாவியாக வைத்து, பேண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வாங்கிப் பாடட்டும். அது எத்தனை மணி நேரம் ஓடினாலும் ஓடட்டும்.