விடுதிக்காரர் யாரிடம் பேசுகிறார்?

ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றைத் தமிழாக்க உட்காருகிறவர் முதல் விடுதியிலேயே திணறுவார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் விடுதிக்காரர் ஊர் பேர் விசாரிக்கிறார். ஆங்கிலத்துக்கு ஒரு 'யூ' போதும். தமிழில் 'நீ' என்று எழுதினால் எதிரில் நிற்பது ஒருவன். 'நீங்கள்' என்றால் அது மரியாதைக்குச் சொன்னதா, நாம் நடத்திவந்த குழுவின் ஆறு பேரையும் சேர்த்துச் சொன்னதா என்று பார்க்க வேண்டும். பதிலில் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. 'நான்' என்பதா, 'நாங்கள்' என்பதா? 'நாங்கள்' என்றால், அந்த ஆறு பேரில் வாயைத் திறந்தது யார்?

கதைக்கு ஒரே நாயகன் போதுமா, ஆட்டக்காரர் தானே உருவாக்கும் குழு வேண்டுமா என்ற சண்டை கணினி ஆர்.பி.ஜி. அளவுக்கே பழையது. போர் உத்தியைச் சொல்லி ஒரு கட்சியும் கதையின் ஆழத்தைச் சொல்லி இன்னொரு கட்சியும் நிறைய வாதாடியிருக்கின்றன. எனக்கென்னவோ விஷயம் அந்த விடுதியில்தான் கிடக்கிறது என்று படுகிறது. விளையாட்டு நம்மிடம் பேசத் தொடங்கியது. அன்றிலிருந்து குழுவுக்கு இறங்குமுகம்.

எல்லாவற்றுக்கும் மூலம் மேசைதான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் நாலைந்து பேர் கூடி உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம், கதையை நடத்த ஒருவர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சொந்த வாய் இருந்ததால் 'நீ', 'நீங்கள்' குழப்பமே எழவில்லை. கணினிக்கு முன்னால் உட்காருகிறவரோ தனியாள். அவருக்கு ஒரு நாற்காலியைக் கொடுக்கலாம். அல்லது எல்லா நாற்காலிகளிலும் அவரையே உட்காரவைக்கலாம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் இரண்டாவது வழியை எடுத்தார்கள். 1981இல் வந்த 'விஸார்ட்ரி' ஆறு பேரை உருவாக்கச் சொன்னது. ஆப்பிள் 2 கணினியின் ஃபிளாப்பியில் 140 கிலோபைட்தான் கொள்ளும். பத்துத் தள நிலவறையையே அதற்குள் அடக்கியாக வேண்டும். உரையாடலுக்கு ஏது இடம்? இனம், தொழில், நல்லவரா கெட்டவரா நடுநிலையா என்ற சார்பு, சில எண்கள், ஒரு பெயர். ஓர் ஆள் என்பது அவ்வளவுதான். கூடுதல் புள்ளி எத்தனை கிடைக்கும் என்பது பகடையின் கையில் இருந்ததால், நல்ல எண் விழும்வரை ஆளை அழித்து அழித்து மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த எண் மூட்டைகள் செத்தபோதுதான் இவர்கள் யாரென்று தெரிந்தது. நிலவறையில் மாண்டவரைக் கோயிலுக்குத் தூக்கிவந்து காசு கட்டினால் உயிர்ப்பிக்க முயல்வார்கள். தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலிலிருந்து எழுப்பும் முயற்சியும் தவறினால் ஆள் ஒரேயடியாகப் போய்விடுவார். சாவை விளையாட்டு கையோடு ஃபிளாப்பியில் எழுதிவிடும். எழுதுவதற்குள் இயந்திரத்தை அணைத்துவிடப் பாய்ந்த கைகள் எத்தனையோ. ஒரு வரி வசனம்கூடப் பேசாத ஆளுக்காக அந்தப் பதற்றம்.

ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா' வரிசை இரண்டு கரையையும் தொட்டது. 1983இல் வந்த மூன்றாம் பாகத்தில் நான்கு பேரை நாமே உருவாக்கலாம். இரண்டே ஆண்டில், நான்காம் பாகத்தில், கேரியட் அதைக் கைவிட்டார். புள்ளிகளைப் பங்கிடும் திரை போய், வண்டியில் குறி சொல்லும் ஒரு பெண் வந்தாள். எண்ணிப் பார்க்காமல் நம்பி ஒப்படைத்த பணப்பையிலிருந்து பிச்சைக்காரருக்கு ஒரு காசு எடுத்துக் கொடுக்கலாமா என்கிற மாதிரி ஏழு தர்மசங்கடங்கள். நாம் சொல்லும் பதில்களை வைத்து நம் தொழில் முடிவாகும். பணிவே பெரிது என்று தேர்ந்தவருக்கு மேய்ப்பர் வேலை. ஆட்டத்திலேயே நோஞ்சான் அவர்தான், கேரியட்டின் குறும்பு அது. மற்ற ஏழு தொழில்களுக்கும் ஊருக்கு ஒருவராகத் தோழர்கள் கிடைப்பார்கள். ஆனால் விளையாட்டு எடைபோடுவது ஒருவரை மட்டும்தான். தலைப்பிலேயே 'அவதார்' என்ற சொல் இருந்தது. நம் அவதாரத்தில் கடவுள் பூமிக்கு இறங்குகிறார். இங்கே நாற்காலியில் இருப்பவர் திரைக்குள் இறங்குகிறார். இறங்குகிறவர் ஒருவராக இருந்தால்தான் குற்றவுணர்ச்சி உறைக்கும் என்பதைக் கேரியட் கண்டுகொண்டார். நான்கு பேருக்குள் பழியைப் பங்கு போட்டுவிடலாம் அல்லவா?

ஜப்பானியர் வேறு மாதிரி சமாளித்தார்கள். விஸார்ட்ரியையும் அல்டிமாவையும் கரைத்துக் குடித்த யூஜி ஹோரீ, 1988இல் வந்த மூன்றாம் 'டிராகன் குவெஸ்ட்'டில் நாயகனுக்கு ஒரு தாயும், காணாமற்போன ஒரு தந்தையும் கொடுத்தார். கூட வரும் மூன்று பேரை லூயிடாவின் மதுக்கடையில் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். அவர்களுக்கு வெறும் பெயரும் தொழிலும்தான். பேச்சு நாயகனுக்கு, எண்கள் மற்றவர்களுக்கு. இவ்வளவு எளிய பாகப்பிரிவினை மேற்கில் யாருக்கும் சட்டென்று தோன்றவில்லை.

அமெரிக்காவில் 1980கள் முழுக்கக் குழுவின் காலம்தான். 'பார்ட்ஸ் டேல்', 'மைட் அண்ட் மேஜிக்' என்று வரிசையாக வந்தன. 1988இல் எஸ்.எஸ்.ஐ. வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' தன் கதையில் பாதியைத் திரையில் காட்டவே இல்லை. இன்ன எண்ணுள்ள பத்தியைப் படி என்று, பெட்டியில் வந்த அச்சுப் புத்தகத்துக்கு அனுப்பிவிடும். அதே ஆண்டு வந்த 'வேஸ்ட்லேண்ட்' நான்கு பேரை நம்மிடம் விட்டுவிட்டு, வழியில் சேர்கிறவர்களுக்குச் சொந்தப் புத்தி கொடுத்தது. சில சமயம் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

பிறகு குறுந்தகடு வந்தது. 1998இல் பயோவேர் நிறுவனத்தின் 'பல்டர்ஸ் கேட்' ஐந்து குறுந்தகடுகளில் வந்தது. இடம் தாராளமாகக் கிடைத்ததும் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். நாம் உருவாக்குவது ஒரே ஆள். கேண்டில்கீப்பில் வளர்ந்த அநாதை. உடன் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அவர்களுக்குக் கோபம் வரும், தங்களுக்குள் முட்டிக்கொள்வார்கள், நம் போக்குப் பிடிக்காவிட்டால் விலகிப் போவார்கள். அவர்களில் யார் செத்தாலும் ஆட்டம் தொடரும். நாயகன் செத்தால் முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, அதே மென்பொருள் இயந்திரத்தில், பிளாக் ஐல் குழுவினர் 'ஐஸ்விண்ட் டேல்' செய்தார்கள். அங்கே ஆறு பேரும் நம் படைப்பு. விதி ஒன்று, திரை ஒன்று, எண்கள்கூட ஒன்று. மாறியது பேசும் உரிமை மட்டும். இவ்வளவு சுத்தமான ஒப்பீடு இந்தத் துறையில் அபூர்வம்.

ஐஸ்விண்ட் டேலில் நான் உருவாக்கிய ஆறு பேருக்கும் எங்கள் தெருக்காரர்களின் பெயர்தான். கடைசிவரை பின்வரிசையில் வில்லோடு நின்றவர் மளிகைக்கடை அண்ணாச்சி. பல்டர்ஸ் கேட்டை இரண்டு முறை முடித்திருக்கிறேன்; என் நாயகனுக்கு என்ன பெயர் வைத்தேன் என்பது மறந்தே போயிற்று. அதில் தோழனாக வரும் மின்ஸ்க் கையில் வைத்துக் கொஞ்சும் ஹாம்ஸ்டர் எலிக்குப் 'பூ' என்று பெயர் என்பது மட்டும் மறக்கவில்லை. அந்த மின்ஸ்கின் பிறப்பே வேடிக்கையானது. பயோவேர் ஊழியர்கள் ஜேம்ஸ் ஓலன் நடத்திய மேசை ஆட்டத்தில் கூடியபோது, அவர்களில் ஒருவர் ஆடிய பாத்திரம் அது. நாம் பெரிதும் ரசிக்கும் எழுதப்பட்ட தோழன் வேறொருவர் உருவாக்கிய ஆள்! அந்த மேசையின் சிரிப்பைக் குறுந்தகட்டில் அடைத்து நமக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

குழுவின் பக்கம் நான் சாய்வது தெரிகிறது. ஆனாலும் அதன் குறையை மறைப்பதற்கில்லை. ஐஸ்விண்ட் டேலில் பேசப் போனவரின் தொழிலுக்கேற்ப ஓரிரு வரி மாறும். பக்கத்தில் இன்னும் ஐந்து பேர் நிற்பது ஊராருக்கு உறைப்பதே இல்லை. 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' போன்ற ஒன்றை ஆறு பெயர்களைக் கொண்டு எழுதவே முடியாது. பிணக்கிடங்கில் நினைவின்றி எழும் அதன் நாயகன் சாகமாட்டான். முற்பிறவிகளில் தான் செய்த துரோகங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கும். கேட்கப்படும் கேள்வி அவனுக்கு மட்டுமே உரியது. அங்கே 'நாங்கள்' என்று சொல்லித் தப்பிக்க ஆளில்லை.

நாம் படைத்தவர்களுக்கும் வாய் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. 2001இன் 'விஸார்ட்ரி 8'இல் ஒவ்வொருவருக்கும் ஒரு சுபாவமும் குரலும் தேர்ந்தெடுக்கலாம். இருட்டைக் கண்டால் ஒருவர் முணுமுணுப்பார், இன்னொருவர் தெம்பாகப் பேசுவார். 2008இல் அப்சிடியன் செய்த 'ஸ்டார்ம் ஆஃப் ஸெஹிர்', உரையாடலின் நடுவே எவர் படத்தைத் தொட்டாலும் அவரைப் பேசவிட்டது. மிரட்ட ஒருவர், நயந்து கேட்க இன்னொருவர். மேசையில் நடப்பது கிட்டத்தட்ட அப்படித்தான். 2021இன் 'சொலாஸ்டா' குணத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற வசனத்தைப் பிரித்துக் கொடுத்தது. பேச்சு கொஞ்சம் பள்ளிக்கூட நாடகம் போலத்தான் இருக்கும். இருந்தாலும் மூன்றில் ஸெஹிரின் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பெரிய வெற்றி பெற்றவர்கள் யாரும் அதைப் பின்தொடராதது வருத்தமே. 2023இன் மூன்றாம் 'பல்டர்ஸ் கேட்'டில் முகாமில் நிற்கும் விதர்ஸிடம் காசு கொடுத்தால் கூலியாட்களை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்குச் சொந்தக் கதை கிடையாது. மற்றவர்கள் காதலும் சாபமுமாகப் பேசித் தீர்க்கும் இடத்தில் அவர்கள் பந்திக்குக் கூப்பிடாத உறவினர் போல நிற்பார்கள்.

விஸார்ட்ரியில் ஆறு பேரும் ஒருசேர மாண்டாலும் ஆட்டம் முடிவதில்லை. பிணங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கோட்டைக்குத் திரும்பி, புதிதாக ஆறு பெயர் யோசித்து, அவர்களை முதல் தளத்திலிருந்து தேற்றி, அந்த ஆழம்வரை இறக்க வேண்டும். குழுவில் ஆறு இடம்தான்; பிணத்துக்கும் ஓர் இடம் வேண்டும். இரண்டு பேரைத் தூக்கிவர நான்கு பேராகத்தான் இறங்கலாம். மூன்று பேரைத் தூக்க வேண்டுமென்றால் மூன்றே பேர். மந்திரக்காரரை முதலில் கொண்டுவருவதா, பூசாரியையா, யாரை அடுத்த நடைவரைக்கும் இருட்டில் விட்டுவைப்பது என்று ஆட்டக்காரர் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.