திருகைக்கு ஒரு நல்ல வார்த்தை

விளாத்திகுளத்துக் கரிசலில் விளையும் உளுந்தையும் பாசிப்பயறையும் பருப்பாக உடைக்கத் திருகை போதும். இரண்டு வட்டக் கல். கீழ்க்கல் நடுவில் முளை, மேல்கல்லில் பயறு போடக் குழி, ஓரத்தில் மரக் கைப்பிடி. போடும் அளவும் சுற்றும் வேகமும் நம் கையில். பயறு பருப்பாக உடைகிறதா, மாவாகிறதா என்று கல்லின் சத்தமே சொல்லிவிடும். கல் வழுவழுத்துப் போனால் உளியால் கொத்தினால் மறுபடி ஓடும். ஒரு பொருளின் முழு இயக்கமும் வைத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு பெரிய வசதி!

பெண்களின் தோள்வலியை மறந்த பெருமை இது என்பார்கள். நியாயம்தான். கோவையில் பிறந்த வெட் கிரைண்டரும், 2011-ல் தமிழக அரசு விலையில்லாமல் தரத் தொடங்கிய மிக்சி, கிரைண்டரும் அந்த வலியைக் குறைத்தன. அவற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கிரைண்டர் பெல்ட் அறுந்தாலும் கடைத்தெருவிலேயே மாற்றிவிடலாம். ஆனால் செயலி சொன்னால்தான் ஓடும் பல ஸ்மார்ட் கருவிகளுக்கு மூளை எங்கோ ஒரு சர்வரில். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்த நிறுவனத்தை 2014-ல் வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதம் அந்தக் கருவிக்கான சேவையை நிறுத்தியது. காசு கொடுத்தவர்கள் வீட்டில் அது வெறும் டப்பா ஆனது. நடமாட முடியாதவர்களுக்குக் குரலால் விளக்குப் போடுவது பேருதவி, மறுக்கவில்லை. பக்கத்தில் சுவிட்சும் இருக்கட்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இணையம் இல்லாவிட்டாலும் இது ஓடுமா?