பீரங்கி வாயும் யானை ஊர்வலமும்

சேலம் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது 1792இல், திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால். அதே ஆண்டு தெற்கே பயணம் வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் ராயக்கோட்டை மலையை வரைந்தார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சி. பதின்மூன்று ஆண்டு கழித்துக் கும்பினியார், தங்களை எதிர்த்த தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். எங்கள் தறியூர் இளம்பிள்ளைக்கு அதிகத் தூரமில்லை அந்த மலை. அந்தச் சாவை நேரில் பார்த்து வரைந்த படமென்று நமக்கு எதுவும் வந்து சேரவில்லை. இன்று பேனர்களில் குதிரையேறி வரும் சின்னமலை பிற்காலக் கற்பனை.

கும்பினிக்குப் பின் வந்த ஆட்சியின் தண்டனையைப் பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தில் வைத்தவர் ஒரு ரஷ்யர். 1842இல் செரெபொவெத்ஸில் பிறந்த வசீலி வெரெஷாகின், கடற்படைப் பள்ளியில் படித்துவிட்டு அந்த உத்தியோகத்தை உதறி, பாரிஸில் ஜெரோமிடம் ஓவியம் பயின்றார். 1868இல் சமர்கந்து முற்றுகையில் தாமே துப்பாக்கி ஏந்தி விருதும் வாங்கினார். பிறகு வரைந்ததோ பாலைவெளியில் குவிந்த மண்டையோடுகளை. அதை நாடுகளை வென்ற மாவீரர்கள் அனைவருக்கும் காணிக்கையாக்கினார். ரஷ்யப் படையை இழிவுபடுத்துவதாகத் தளபதி ஒருவர் சீறியபோது, தம் படங்கள் மூன்றைத் தாமே எரித்துவிட்டார்.

இந்தியாவுக்கு இருமுறை வந்தார்: 1874–76இலும் 1882–83இலும். முதல் வருகைக் காலத்தில் நடந்த வேல்ஸ் இளவரசரின் ஜெய்ப்பூர் ஊர்வலத்தை இருபது அடிக்கு மேல் அகலமாக வரைந்தார். முகபடாம் பூண்ட யானைகள், அம்பாரி, வெயில். பகட்டு சற்றுத் தூக்கல்தான். இரண்டாம் வருகைக்குப் பின், 1884 வாக்கில், பீரங்கிப் படம். வரிசையாகப் பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயிலும் முதுகு அழுந்தக் கட்டப்பட்ட ஓர் ஆள். முன்னால் இருப்பவர் வெண்தாடிக் கிழவர். முழங்கால் மடங்கித் தொய்கிறார். வெள்ளை வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. தறியோடு பழகிய ஊர்க்காரன் கண் முதலில் அங்கேதான் போகிறது.

1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் மட்டுமே இப்படி நடந்தது என்று லண்டனில் ஆட்சேபம் எழுந்தது. 1872 ஜனவரியில் மாலேர்கோட்லாவில் நாம்தாரிச் சீக்கியர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டிருந்தார்கள் என்பதால் அந்த வாதம் நிற்கவில்லை. சிப்பாய்களின் உடுப்பு 1857க்குரியது அல்ல என்ற குறையை ஏற்கலாம். ஆங்கிலேயர் மேல் ரஷ்யனுக்குள்ள காழ்ப்பு என்பதை ஏற்க முடியாது: இதோடு சேர்த்து வரைந்த மற்ற இரண்டில் ஒன்று ரோமரின் சிலுவைத் தண்டனை, மற்றது ரஷ்யாவிலேயே சதிகாரர்களைத் தூக்கிலிடும் காட்சி.

நம் ஓவியர் ரவிவர்மா வெரெஷாகினைவிட ஆறே வயது இளையவர். கையாண்டதும் அதே ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறை. அவர் கை புராணத்துக்கும் அரண்மனை முகங்களுக்கும் போனது. குறை சொல்லி என்ன பயன்? பீரங்கி வாயை வரையச் சொல்லி எந்த சமஸ்தானம் பணம் கொடுத்திருக்கும்?

வெரெஷாகின் 1904 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் அருகே, கண்ணிவெடியில் சிக்கிய பெத்ரோபாவ்லோவ்ஸ்க் கப்பலோடு மூழ்கினார். யானை ஊர்வலம் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறது. பீரங்கிப் படத்தின் மூலம் எங்கேயோ போய்விட்டது. நாம் பார்ப்பதெல்லாம் அச்சுப்படி.