இடக்கரடக்கலும் மருத்துவ மேற்படிப்பும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நன்னூல் படித்தவர் எவரும் வழக்கு என்னும் பகுதியை மறந்திருக்க மாட்டார். இயல்பு வழக்கு மூன்று, தகுதி வழக்கு மூன்று எனப் பவணந்தியார் வகுத்தார். தகுதி வழக்கின் மூன்று கூறுகளாவன இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன. அவையில் சொல்லத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுவது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டுமே பொருள் விளங்குமாறு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதைச் சான்று காட்டி, தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்று, அதனோடு அப்பகுதியை மூடிவைத்தோம். இம்மூன்றும் ஒரு பெண்ணின் உயிரோடு தொடர்புடையன என்பதை அந்நாளில் எனக்கு எவரும் சொல்லவில்லை.

மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் பாலியல் நலம், இனப்பெருக்க நலம் ஆகிய துறையிற் பயிலும் மேற்படிப்பைப் பற்றித் தோட்டப்பள்ளி ஆசிரியன் எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். மருத்துவம் என் துறையன்று. ஆயினும், பாடத்திட்டம் என் துறை. எதைக் கற்பிப்பது, எந்த வரிசையிற் கற்பிப்பது, கற்றதை எவ்வாறு தேர்வது என்பன எல்லாப் படிப்புக்கும் பொதுவான வினாக்கள். அவ்வினாக்களைக் கொண்டே இம்மேற்படிப்பை ஈண்டுத் திறனாய முற்படுகிறேன்.

இரு வாயில்கள்

நம் நாட்டு மருத்துவர் பலர் மேற்படிப்புக்கென நெடுங்காலமாக நோக்கியிருக்கும் நாடு பிரிட்டன். ஆதலின், அந்நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றை முதலில் நோக்குவது தகும்.

அங்கே இத்துறை இரண்டு தனித்தனி வாயில்களாகத் தோன்றியது. பால்வினை நோய்களை ஆராய அமைந்த அரச ஆணைக்குழு 1916-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக, எவரும் கட்டணமின்றி, பெயர் வெளிப்படாமல் சிகிச்சை பெறத்தக்க மருத்துவ நிலையங்கள் ஏற்பட்டன. இது முதல் வாயில். 1921-இல் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் இலண்டனின் ஹாலோவே பகுதியில் கருத்தடை நிலையம் ஒன்றைத் திறந்தார். அவர் மருத்துவரல்லர், தாவர ஆராய்ச்சி அறிஞர் என்பது கருதத்தக்கது. இஃது இரண்டாம் வாயில். அரசாங்க மருத்துவச் சேவையின்வழிக் கருத்தடைச் சாதனங்கள் எல்லார்க்கும் இலவசமாகக் கிடைக்க 1974 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரே உடம்பு, ஒரே பெண். நோய்க்கு ஒரு வாயில், கருத்தடைக்கு மறு வாயில். ஒரு வாயிலில் நின்ற மருத்துவர்க்கு மறு வாயிலின் கலை தெரியவேண்டிய கட்டாயமில்லை. இப்பிளவு மெல்ல மெல்லவே நீங்கியது. 1993-இல் மகப்பேற்று மருத்துவர்களின் அரச கல்லூரிக்குள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் இனப்பெருக்க நலத்துக்கும் தனிப்புலம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1994-இல், கெய்ரோ நகரில் 179 நாடுகள் கூடி நடத்திய மக்கள்தொகை மாநாடு, மக்கள்தொகையைக் கணக்கிடுவதை விட்டு மனிதரின் நலத்தையும் உரிமையையும் நோக்குமாறு உலகைத் திருப்பியது. 2007-இல் அத்தனிப்புலம் தன் பெயரிலேயே ‘பாலியல்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. 2010-இல் இத்துறை தனிச்சிறப்பு மருத்துவமாக ஏற்கப்பட்டு, அதற்கென ஆறாண்டுப் பயிற்சி வகுக்கப்பட்டது. கருத்தடை, பால்வினை நோய், விரும்பாக் கருப்பம், மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகள், தாம்பத்திய உறவில் நேரும் இடர்ப்பாடுகள், பொதுச் சுகாதாரம் ஆகிய அனைத்தும் அப்பயிற்சிக்குள் அடங்கின.

இப்பாடத்திட்டத்தின் முதற்சிறப்பு இதுவே. பிரிந்து கிடந்தவற்றை ஒன்றாக்கியது. நோயாளியின் உடம்பு எங்ஙனம் ஒன்றோ, அங்ஙனமே படிப்பும் ஒன்றாதல் வேண்டும் என்னும் உண்மையை ஏற்றது. இதனைப் பாராட்டாமல் குறை கூறப் புகுதல் நேர்மையாகாது.

நான் பெயர்த்த ஒரு வாக்கியம்

நிற்க. வாயில் ஒன்றானபின்னும் அதனுள் நுழைந்த பெண் என்ன பேசுவாள்? அவள் பேசுவது மருத்துவர்க்கு விளங்குமா? இவ்வினா எனக்கு நூலிலிருந்து எழுந்ததன்று.

ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன், என் மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் வந்தார். தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மலாய்மொழியில் கடையிற் சாமான் வாங்கப் பேசுவார். தம் உடம்பைப் பற்றிப் பேசத் தெரியாது. “ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க சார், எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் உடன் சென்றேன்.

மருத்துவர் நல்லவர், கடுஞ்சொல் சொல்லாதவர். “என்ன செய்கிறது?” என்று மலாயில் வினவினார். நான் தமிழிற் கேட்டேன். அம்மையார் தரையைப் பார்த்தபடி, “வீட்டுக்காரர் பக்கத்துல வந்துட்டுப் போனா, அப்புறம் பட்டுடுது சார்” என்றார்.

எனக்குப் பொருள் விளங்கிற்று. கணவனோடு கூடிய பின்னர் இரத்தம் கசிகிறது என்பதே அவர் சொன்னது. ஆனால், அதனை அப்படியே பெயர்த்துச் சொல்ல என் நா எழவில்லை. மாணவனின் தாயார் அருகில் அமர்ந்திருக்கிறார், நானோ ஆசிரியன். “மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லையாம்” என்று மலாயிற் சொன்னேன். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். மூவரும் நிம்மதியாக எழுந்தோம்.

எட்டுத் திங்கள் கழிந்தபின் அம்மையார் வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே தமிழறிந்த தாதி ஒருவர் அவரைத் தனியே அழைத்து, “எப்பம்மா படுது? அவரு கூட இருந்த பிறகா, சும்மா இருக்கும்போதா?” என்று கேட்டார். அவ்வொரு வினாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் அகப்பட்டது. கூடலுக்குப்பின் இரத்தம் கசிதல் அந்நோய்க்கு ஒரு முக்கிய அறிகுறி என்பது மருத்துவர் யாவரும் அறிந்ததே. அம்மையார் அறுவையும் கதிர்ச்சிகிச்சையும் பெற்றுப் பிழைத்தார். எட்டுத் திங்களுக்கு முன்னரே கண்டிருந்தால் அத்துணைத் துன்பம் நேர்ந்திராது என்று அந்தத் தாதி என்னிடம் சொன்னபோது நான் மறுமொழி கூறவில்லை. நான் செய்தது இடக்கரடக்கல், இலக்கணத்திற்குப் பொருந்தியது, பண்பாட்டிற்கும் பொருந்தியது. நோய்க்கோ அது புகலிடமாயிற்று.

மூன்று வழக்கும் ஓர் அறையில்

இப்போது பவணந்தியாரின் பகுப்பைக் கொண்டு மருத்துவரின் அறையை நோக்குவோம். மருத்துவர் பேசுவது குழூஉக்குறி. நோயாளி பேசுவது இடக்கரடக்கல். இடையே நின்று பெயர்ப்பவர் நாடுவது மங்கலம். மூவரும் மொழி தவறாமலே பேசுகின்றனர். ஒருவர் பொருள் மற்றவரை அடைவதில்லை.

‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றால் கருவுற்றிருக்கிறாள் என்பது நமக்குப் புரியும். அகராதியை மட்டும் நம்புபவர்க்கு அவள் குளிக்காமல் இருப்பதாகவே தோன்றும். ‘இரண்டு மாதமாய்த் தலைக்கு ஊற்றவில்லை’ என்பதும் அத்தகையதே. ‘வீட்டுக்குத் தூரம்’ என்பது தொலைவைக் குறிப்பதன்று. ‘வெள்ளைப்படுதல்’ என ஒரே சொல்லால் இயற்கையான கசிவையும் நோயால் வரும் கசிவையும் நம் பெண்கள் குறிப்பர். எது என அறிய மேலும் இரண்டு வினாக்கள் வேண்டும். அவ்வினாக்களைத் தமிழிற் கேட்க இன்று நம் இனத்து இளம் மருத்துவர்களுக்கே தெரிவதில்லை. அவர்கள் வேற்றுமொழியில் மருத்துவம் கற்றவர்கள். பாட்டியின் மொழியை வீட்டிலும் கேளாதவர்கள். குற்றம் அவர்களுடையதன்று.

நாம் படைத்த கலைச்சொற்களும் இவ்விடத்தில் உதவுவதில்லை. ‘இனப்பெருக்க நலம்’ என்று எழுதுகிறோம். ‘இனப்பெருக்கம்’ என்னும் சொல்லை நம் பள்ளி அறிவியல் நூலில் செடிக்கும் தவளைக்கும் வழங்குகிறோம். பிள்ளை வேண்டாம் என்று வருபவளும், பிள்ளைப்பேறு முடிந்து பல்லாண்டு கழிந்தவளும் இந்நலத்துக்கு உரியவர்களே. பெருக்கத்தை நாடாதவளுக்குப் பெருக்கத்தின் பெயரால் பலகை தொங்கவிட்டால் அவள் தனக்குரிய வாயில் அதுவென எங்ஙனம் அறிவாள்? இச்சொல்லும் குழூஉக்குறியாகவே நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்திற் செய்த முயற்சி

மருத்துவக் கல்வியில் மக்கள்மொழி இயலாத ஒன்று என்பார்க்கு வரலாறு விடை தருகின்றது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற மாணவர் ஊதியம் நாடி வெளியூர் செல்வர்; தமிழிற் கற்றவரோ தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. மகப்பேற்று மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்றும் அவர் முயற்சியால் தமிழாயிற்று. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது.

அந்நூல்களின் நடை வடசொல் மிகுந்தது என்று இன்று நாம் குறை காண்கிறோம். அக்குறை உண்மையே. எனினும், அம்மாணவர் தமிழராதலின் நோயாளியின் வாய்மொழியை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. நூல்மொழி வளர்ந்துவிட்டது, வாய்மொழி அறுந்துவிட்டது.

தடையும் விடையும்

மேற்படிப்புத் தேர்வில் உரையாடற் பயிற்சி ஏற்கெனவே உள்ளதே எனலாம். ஆம், நடிகர்களை நோயாளியாக அமரவைத்து மருத்துவரின் பேச்சைத் தேர்வது பிரிட்டன் தேர்வுகளில் வழக்கமாகியுள்ளது. உலக நலவாழ்வு நிறுவனமும் 1975-இலேயே, பாலியல் பற்றி மருத்துவப் பணியாளர்க்கு எவ்வாறு பயிற்சி தருவது என்று தனி அறிக்கை வெளியிட்டது. ஆனால், தேர்வறை நடிகர் தேர்வின் மொழியிலேயே பேசுகிறார். தோட்டத்துத் தாயின் அரைச்சொல்லும் அவள் மௌனமும் அங்கே இடம்பெறுவது அரிது.

சோதனைக்கருவி வளர்ந்துவிட்டது, சொல் எதற்கு என்றும் கூறலாம். மனிதப் பாப்பிலோமா வைரஸைக் கண்டறியும் சோதனை உண்மையில் பெருநன்மை செய்வது. மலேசியாவில் 2010 முதல் 13 வயதுச் சிறுமியர்க்கு அவ்வைரஸைத் தடுக்கும் ஊசி பள்ளிகளில் போடப்பட்டது. நம் பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளி புகும் ஆண்டு அது. ஆயினும் சோதனைக்கு வரச்செய்வது சொல்லே. கூடும்போது வலி, விருப்பமின்றி நேரும் கூட்டுறவு, கணவனுக்கு அஞ்சி மறைத்த கருத்தடை ஆகியவற்றுக்கு இரத்தச் சோதனை ஏது?

ஆதலின் மூன்று கூறுவேன். முதலாவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியின் அரிச்சுவடி. இத்துறையின் மேற்படிப்பும் நோயாளிக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவர் பணிபுரியப்போகும் வட்டாரத்து மக்கள் உடம்பைப் பற்றிப் பேசும் முறை பாடமாதல் வேண்டும். தேர்விலும் வருதல் வேண்டும்.

இரண்டாவது, உறவினரையும் என்போன்ற ஆசிரியரையும் மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளுதல் ஒழிய வேண்டும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பணிபுரிபவனையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாக எண்ணுகிறது. நாக்கூசாத, பயிற்சி பெற்ற பெண்ணொருவர் அவ்விடத்தில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது நம் கடமை. மருத்துவர்க்கு இச்சொற்களை யார் தருவார்? சொல்லாராய்ச்சி நம் தொழில். தோட்டத்தில் இன்னும் வாழும் மூதாட்டியரிடம் ஆசிரியைகள் சென்று, மாதவிலக்கு, கருப்பம், பேறு, நோய் பற்றிய வழக்குச் சொற்களைத் திரட்டிப் பொருளெழுத வேண்டும். எங்கள் பள்ளி ஆசிரியைகள் இப்பணியைத் தொடங்கியுள்ளனர். முதற் சொல்லாக அவர்கள் எழுதிக்கொண்டது ‘படுதல்’. அதற்கு நேரே எழுதவேண்டிய பொருளை அவர்களிடம் சொன்னவன் நானே. இம்முறை மறைக்காமற் சொன்னேன். பிற பள்ளியினரும் தத்தம் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டுவாராக. மருத்துவ மேற்படிப்பை வகுப்போர் அவற்றை ஏற்பதும் மறுப்பதும் அவர் பொறுப்பு. திரட்டிக் கொடுப்பது நம் பொறுப்பு.