நிலுவை

எங்கள் துறையில் முதுகலை மாணவிகளுக்குச் சிறார் இலக்கியம் ஒரு விருப்பப் பாடம். சென்ற ஆண்டு கடல் சாகசக் கதைகளில் ஒன்றாக ஆர்.எல். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலை எடுத்துக்கொண்டோம். அவரவர் வீட்டிலோ ஊர் நூலகத்திலோ கிடைக்கும் பதிப்பைக் கொண்டுவாருங்கள் என்றேன். படக்கதை, பள்ளித் துணைப்பாட நூல், தமிழ்ச் சுருக்கம் என்று ஏழெட்டு வந்து சேர்ந்தன. எல்லா அட்டைகளிலும் ஒற்றைக்கால் கொள்ளைக்காரன், தோளில் கிளி. ஒரு மாணவி மட்டும் மூலத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். “மேடம், ஜிம்மோட அம்மா பேராசைக்காரியா?” என்று கேட்டாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் படித்த புத்தகங்களில் அந்த அம்மா ஓரிரு வரிகளுக்கு மேல் இல்லை.

நாவல் 1881-82இல் ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறார் இதழில் தொடராக வந்து 1883இல் நூலானது. மனைவியின் முதல் மணத்து மகன் லாயிட் என்ற சிறுவனோடு வரைபடம் வரைந்து விளையாடியதிலிருந்து பிறந்த கதை இது. பையன்களுக்கான கதை என்பதால் பெண்களை விலக்கிவிட்டதாக ஸ்டீவன்சனே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் கப்பல் புறப்படும் முன்பே ஒரு பெண் உள்ளே வந்துவிடுகிறாள். அவளை வெளியேற்றும் வேலையைச் சுருக்கப் பதிப்புகள்தான் செய்து முடித்தன.

மூலத்தில் நடப்பது இது. கடலோர விடுதியில் தங்கியிருக்கும் பழைய கடற்கொள்ளையன் மாதக்கணக்கில் வாடகை தரவில்லை. வற்புறுத்திக் கேட்க ஜிம்மின் தந்தைக்குத் துணிவு வரவில்லை. தந்தை நோயில் இறக்கிறார். அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் கொள்ளையனும் செத்து விழுகிறான். அவனுடைய பழைய கூட்டாளிகள் இரவு பத்து மணிக்கு வருவார்கள் என்று தெரிகிறது. தாயும் மகனும் பக்கத்துக் குடியிருப்புக்கு ஓடி உதவி கேட்கிறார்கள். கூட வர ஓர் ஆண்கூடத் தயாராக இல்லை. என் தகப்பனில்லாப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தை விட மாட்டேன், நீங்கள் வராவிட்டால் நாங்களே போகிறோம் என்கிறாள் அவள். ஆண்கள் ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பணம் எடுத்துவர, அங்கிருந்த ஒரு பெண்ணிடம் பை கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

பெட்டி திறக்கிறது. பல நாட்டு நாணயங்கள் கலந்து கிடக்கின்றன. அவளுக்குக் கணக்கிடத் தெரிந்தது கினி நாணயம் மட்டும். அதுவோ குறைவாகக் கிடக்கிறது. தனக்கு வர வேண்டியதற்கு ஒரு காசு கூடவும் எடுக்க மாட்டாள், குறையவும் விட மாட்டாள். வெளியே குருடனின் கைத்தடி தட்டும் ஓசை கேட்டும் எண்ணுவதை விடவில்லை. எண்ணி முடிக்கும் முன்பே ஓட வேண்டி வருகிறது. கணக்கு நேராகட்டும் என்று ஜிம் ஓர் எண்ணெய்த்துணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொள்கிறான். அதற்குள்தான் புதையல் தீவின் வரைபடம் இருக்கிறது.

இதை மாணவிகளிடம் இரண்டு முறை சொன்னேன். ஆண்கள் கப்பலேறிச் சென்று தேடும் புதையலின் வரைபடம் ஒரு விதவையின் வராக்கடனுக்கு ஈடாக எடுக்கப்பட்டது. அவள் தன் பாக்கியைக் கேட்டுத் திரும்பிப் போகாவிட்டால் கதையே கிடையாது.

ஜிம் இதைப் பார்ப்பது வேறு விதமாக. அவளுடைய நேர்மையையும் பேராசையையும் சேர்த்தே குறை சொல்கிறான். என் மாணவியின் கேள்வி அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கேள்வி என்னை வேறொரு வீட்டுக்குக் கூட்டிப்போனது.

என் பதினோராம் வயதில் அப்பா இறந்தார். மளிகைக் கடை வைத்திருந்தவர். கடன் நோட்டில் பாதி ஊர் இருந்தது. கேட்க அவருக்கு வாய் வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அம்மா அந்த நோட்டை விரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். “ஈரம் காயறதுக்குள்ள கணக்குப் பாக்கிறா பாரு” என்றார் அத்தை. அன்று அம்மாவை நினைத்து நானும் வெட்கப்பட்டேன். வசூலான பணத்தில்தான் அந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்கள். துக்கத்தில் இருக்கும் பெண் அழ வேண்டும், எண்ணக் கூடாது என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. நான் படித்த கதைகளும் பார்த்த படங்களும் அதைச் சொல்லியிருந்தன.

படங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாவலின் மிகப் புகழ்பெற்ற படப் பதிப்பு 1911இல் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர்ஸ் வெளியிட்டது. ஓவியர் என்.சி. வைத். அதில் ஜிம் வீட்டைவிட்டுப் புறப்படும் படம் ஒன்று உண்டு. மகன் முன்னால் நடந்து வருகிறான். பின்னால் தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். மிக நல்ல ஓவியம். எனக்கும் பார்த்தவுடன் தொண்டை அடைத்தது. பிறகு ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே ஜிம் வீட்டுக்கு வரும்போது அவன் தாய் உடல்நலத்தோடும் உற்சாகத்தோடும் இருக்கிறாள். விடுதி பழுது பார்க்கப்பட்டிருக்கிறது. அவளுக்கென்று அழகான சாய்வு நாற்காலி வந்திருக்கிறது. ஒத்தாசைக்கு ஒரு பையனும் வந்திருக்கிறான். தன் இடத்தில் அம்மாவின் பக்கத்தில் இருக்கப்போகும் அந்தப் பையனைப் பார்த்து அழுவது ஜிம்தான். அம்மா அழுததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

ஓவியர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை அனுப்பும் தாய் அழக்கூடும். ஆனால் மகனின் கண்ணீர் தாயின் முகத்துக்கு மாறிய அந்த இடத்தில் ஒரு சாகச வீரன் உருவாகிவிட்டான். எண்ணிய கைகள் முகத்தை மூடப் போய்விட்டன. என் மேசையில் இருக்கும் சுருக்கப் பதிப்புகளில் ஒன்று, பெட்டியை ஜிம் தனியாகத் திறப்பதாகவே எழுதிவிட்டது. இன்னொன்றில் தாய் மயங்கி விழுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. மூலத்திலும் அவள் மயங்குகிறாள்தான். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு நீ ஓடு, எனக்கு மயக்கம் வருகிறது என்று மகனிடம் சொல்லிவிட்டு மயங்குகிறாள்.

இன்னொரு பெண்ணும் காணாமல் போனாள். லாங் ஜான் சில்வருக்கு மனைவி உண்டு, கறுப்பினப் பெண். பிரிஸ்டல் துறைமுகத்தில் அவனுடைய விடுதியை அவன் இல்லாதபோது நடத்துபவள். விடுதியை விற்றுப் பணத்தோடு அவனைச் சந்திக்கக் கிளம்பியவளும் அவள்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிஸ்டல் அடிமை வணிகத்தில் கொழித்த ஊர் என்பதை நினைத்தால், அங்கே ஒரு கறுப்பினப் பெண் கடையும் பணமும் கையாள்வது சாதாரணச் செய்தி இல்லை. ஸ்டீவன்சன் அவளைப் பேசவே விடவில்லை. அவள் நிறத்தைச் சொல்லும்போது கிண்டலும் இருக்கிறது. அவளுக்குப் பெயரும் இல்லை. கிளிக்குப் பெயர் உண்டு. சுருக்குபவர்கள் கிளியை வைத்துக்கொண்டு மனைவியை விட்டுவிட்டார்கள்.

குழந்தைகளுக்கு நூலைச் சுருக்கத்தான் வேண்டும். முந்நூறு பக்கத்தை முப்பது பக்கமாக்கும்போது எதையாவது வெட்டாமல் முடியாது. வேகம் குறையும் என்பதால் தாயின் காட்சியை எடுத்தோம் என்பார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தின் பதைபதைப்பே அவள் எண்ணுவதால்தான் வருகிறது. ஓடு, ஓடு என்று நம் மனம் துடிக்கத் துடிக்க அவள் அடுத்த காசைத் தேடுகிறாள். அதை எடுத்தால் கதையின் வேகமும்தான் போகிறது. பெண் வருகிற பக்கம் என்றாலே வெட்டத் தோதான பக்கம் என்று கை பழகிவிட்டது.

அந்த மாணவிக்கு அன்று நான் நேராகப் பதில் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்த பிறகு அந்தத் தாய் என்ன செய்கிறாள் என்று படிக்கச் சொன்னேன். அவள் பக்கத்தைத் திருப்பி வகுப்புக்குத் தமிழில் சொன்னாள்: கைக்கு வராமல் போன மீதிப் பணத்தை நினைத்து அவள் இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறாள்.

வகுப்பு சிரித்தது. எனக்கு அம்மாவின் நோட்டு நினைவுக்கு வந்தது. அதில் இன்னும் அடிக்கப்படாத பெயர்கள் பல இருக்கின்றன. அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். “கடைசியில அவளுக்கு எவ்வளவு நின்னுச்சு?”